பக்கத்துக் காம்பராவும் கல்யாண மண்டபமும்

ஜீவராணி கவலைப்படுவதற்குக் காரணம் தேவையில்லை. காரணமும் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். டிக்கோயாவுக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இருபது நிமிடம் ஏறினால் வருகிற தோட்டத்தில், மேல்பிரிவுப் பிள்ளைக் காம்பராவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுப்போகும் பிள்ளைகள் பதினேழு பேர். வந்தவுடன் ஒரு தடவை எண்ணுவாள், பத்து மணிக்குத் திரிபோசா சத்துமா உருண்டை கொடுக்கும்போது எண்ணுவாள், தூங்க வைத்தபின் எண்ணுவாள். பதினாறு என்று வந்துவிட்டால் பதறிப்போவாள். மறுபடி எண்ணினால் பதினேழாவது அவள் மடியிலேயே இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையும் தொலைந்ததில்லை, ஒரு நாளும் அவள் நிம்மதியாக இருந்ததுமில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் மண்டபம் பார்க்கும் பொறுப்பு வந்து விழுந்தது. மகள் தனுஜா கொட்டகலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். மாப்பிள்ளை மதுரனும் அந்தப் பக்கம்தான். அவனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்து, புரட்டாசி முதல் வாரம் விமானம் ஏற வேண்டும். புரட்டாசியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஆடியிலும் இல்லை. நடுவில் இருப்பது ஆவணி ஒன்றுதான், அதிலும் அய்யர் பார்த்துச் சொன்ன நாள் கடைசி ஞாயிறு. அந்த நாளை விட்டால் மாப்பிள்ளை திரும்பி வர இரண்டு வருடம்.

"மண்டபத்த நீங்களே பாத்துக்குங்க சம்மந்தி" என்று மதுரனின் அம்மா சொல்லியிருந்தாள். "எங்க வச்சாலும் எங்களுக்குச் சந்தோசந்தான். ஒரு தடங்கலும் வராம இருந்தாப் போதும்."

ஜீவராணியின் புருஷன் யோகேஸ்வரன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை வருவான். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டப்படி செய்" என்பான். அதைப் பெருந்தன்மை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

தோட்டத்தில் மாரியம்மன் கோயிலை ஒட்டி நல்லதொரு மண்டபம் இருக்கிறது. தரைக்கு மாபிள் போட்டு மூன்று வருடம்கூட ஆகவில்லை. மேல்பிரிவில் நடந்த கல்யாணம் எல்லாம் அங்கேதான் நடந்தன. தனுஜாவின் கல்யாணமும் அங்கேதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று நினைத்தது ஜீவராணி ஒருத்திதான். ஏன் வேண்டாம் என்பதை அவளால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடிய காரணமாக அது இல்லை.

காரணம், லயத்து வரிசை வீடுகளில் அவளுக்குப் பக்கத்துக் காம்பராவில் படுத்திருந்தது.

சின்னராசா தோட்டத்து ஸ்டோரில், தேயிலைத் தூள் சலிக்கிற இடத்தில், முப்பது வருடம் வேலை செய்தவர். வயது அறுபதுகூட ஆகவில்லை. நெஞ்சு கெட்டுப்போய்ப் பதினெட்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தார். ஆனியில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருடைய மனைவி வீரம்மாவுக்குத் தெரியும், லயத்துக்கும் தெரியும். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். சின்னராசாவின் இருமலைக் கேட்டுத்தான் ஜீவராணி எழுந்திருப்பாள், அதைக் கேட்டுக்கொண்டே சோறு வடிப்பாள், இருமல் நின்றால் அகப்பையைக் கையில் பிடித்தபடி நிற்பாள். மறுபடி கேட்டால் கறியைக் கிளறுவாள்.

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள். பிணம் எடுத்து, மண்டபத்துக்கு முன்னால் போகிற பாதை வழியாக இடுகாட்டுக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணி, தண்ணீர் தெளித்த பிறகுதான் நடை திறக்கும். கொழும்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் சொந்தக்காரர் வந்துசேர இரண்டு நாள் ஆகும். நடை சாத்தியிருக்கும்போது அய்யர் மண்டபத்துக்குள் கால் வைக்க மாட்டார். மேளம் இல்லை, தாலி இல்லை. ஊர் முழுக்கச் சாவு வீட்டில் இருக்கும்.

நடக்காததை நினைத்து அவள் பயப்படவில்லை. கீழ்ப்பிரிவு சர்மிளாவுக்கு அப்படித்தான் நடந்தது. மணவறை கட்டி, வாழைமரம் நட்டு, விடிந்தால் கல்யாணம் என்னும்போது கீழ் லயத்தில் ஒருவர் போய்விட்டார். தை மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். தைக்குள் மாப்பிள்ளை வீட்டார் சகுனம் சரியில்லை என்று பேசத் தொடங்கி, பிறகு போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். சர்மிளா இன்னமும் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளை மலைப்பாதையில் பார்க்கும்போதெல்லாம் ஜீவராணிக்குத் தனுஜாவின் முகம்தான் நினைவுக்கு வரும்.

ஒரு நாள் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாண வாரத்தில் வியாழனுக்குள் என்றால் பரவாயில்லை, சனிக்குள் அடக்கம் முடிந்துவிடும். ஞாயிறு பகலுக்குப் பிறகு என்றாலும் பரவாயில்லை. நடுவில் இருக்கிற மூன்று நாள்தான். இப்படி யோசித்துக்கொண்டே போனவள், தான் என்ன கணக்குப் போடுகிறோம் என்று திடீரென்று உணர்ந்தாள். அண்ணே அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனுசன் எந்தக் கிழமையில் சாக வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்காகப் பயம் குறைந்துவிடவில்லை.

ஆடி மாதத்தில் நல்ல காரியம் பேசக்கூடாது என்பார்கள். அதையும் மீறி ஒரு சனிக்கிழமை தனுஜாவைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் பஸ் ஏறினாள்.

முதல் இரண்டு மண்டபங்களும் கையை விரித்துவிட்டன. ஆவணிக் கடைசி ஞாயிறா, அது சித்திரையிலேயே போய்விட்டதே என்று சிரித்தார்கள். மூன்றாவது, பஸ் நிலையத்துக்குப் பின்னால், பைஸர் முதலாளியின் சாமான் கடைக்கு மேலே இருந்தது. நாற்பத்தொரு படி. ஜீவராணி எண்ணினாள்.

"ஒங்களுக்கு நல்ல காலம் தங்கச்சி" என்றார் பைஸர். "அந்த ஞாயித்துக்கிழமைக்கு எடுத்தவங்க நேத்துத்தான் வேணாண்டு சொன்னாங்க. எத்தன பேரு வருவாங்க?"

"தோட்டத்துல நூத்தி அறுவது குடும்பம் மொதலாளி."

"எல்லாரையும் இங்க ஏத்தினா கீழ எங்கட கடை இருக்காது" என்று அவர் சிரித்தார். "எரநூறு பேருக்குத்தான் கதிர. ரெண்டு பந்தி போடலாம். அய்யர் ஓமம் வளக்கலாம், ஆனா நாங்க தார தட்டுல மட்டுந்தான். சீலிங் புதுசு. மூணு மணிக்கு ஹோலக் காலி பண்ணணும், அந்திக்கு டியூசன் புள்ளைகளுக்குப் பரிசளிப்பு இருக்கு."

தனுஜா படியைத் திரும்பிப் பார்த்தாள். "வயசாளிங்க எப்புடிம்மா ஏறுவாங்க? வீட்டுக்கு ஒருத்தரக் கூப்புட்டா மத்தவங்க மனசு என்னா பாடுபடும்? நம்ம மண்டபம் சும்மாதானே கெடக்கு."

"மாப்பிள்ள வீட்டுக்காரங்களுக்கு டவுனுதான் வசதி" என்றாள் ஜீவராணி.

"அவங்க எங்கேயும் வரோம்னுதானே சொன்னாங்க."

"வாயில அப்புடித்தான் சொல்லுவாங்க. நீ சும்மா இரு."

பைஸர் ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். புதன்கிழமை பின்னேரம் வரை நாளை வைத்திருப்பதாகவும், அதற்குள் அட்வான்ஸும் அடையாள அட்டைப் பிரதியும் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது.

"ஆனா ஒண்டு தங்கச்சி. குடும்பத்துல ஏதும் மௌத்து நடந்தா மட்டும் நாங்க காசத் திருப்பித் தந்துருவோம். அது மனுசத்தன்ம."

பத்திரத்தை வாங்கிய ஜீவராணிக்கு மௌத்து என்றால் சாவு என்று தெரியும். பக்கத்துக் காம்பரா குடும்பத்தில் சேருமா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் அவள் செய்த காரியத்தை லயத்தில் பிறந்து வளர்ந்த எவரும் செய்ய மாட்டார்கள். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒரே கூரை. அதனால் அங்கே பிறக்கும் பிள்ளை பேசக் கற்கும்போதே மெதுவாகப் பேசவும் கற்றுக்கொள்ளும். ஜீவராணியும் நாற்பத்தாறு வருடமாக மெதுவாகப் பேசியவள்தான். ஆனால் அவள் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது அடுப்பங்கரை மூலையில் மட்டும். அங்கேயும் கொழும்பிலிருக்கும் புருஷனுக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும்.

"என்னாங்க, கேக்குதா? ஹட்டன் மண்டபத்தையே பேசிருவோம். இல்லங்க, நம்ம மண்டபம் வேணாம். அது வந்து, சின்னராசா அண்ணன் இருக்காருல்ல, அவரு ஆவணி தாண்ட மாட்டாருங்க."

"என்னா? யாரு எத தாண்ட மாட்டாங்க?" என்றான் யோகேஸ்வரன்.

"சின்னராசா அண்ணன் ஆவணி தாண்ட மாட்டாருன்னு சொல்றேன். கல்யாணத்தன்னிக்குன்னு பாத்து அவரு போயிட்டாருன்னா நடையைச் சாத்திருவாங்க. நம்ம புள்ளையும் சர்மிளா மாதிரி நிக்க வேண்டியதுதான்."

"உன் இஷ்டப்படி செய்" என்றான் அவன்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சுவருக்கு மேலே, தகரத்தில், பக்கத்துக் காம்பரா விளக்கின் வெளிச்சம் மஞ்சளாகப் படிந்திருந்தது. இருமல் இல்லை. பாத்திரம் வைக்கும் சத்தம்கூட இல்லை. அங்கே இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு உடனே விளங்கியது. அடுப்பில் தண்ணீர் கொதித்துத் தளும்பியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வீரம்மாவைப் பார்த்தாள். வீரம்மா குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, "மேல மழ போல, தண்ணி கலங்கலா வருது" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜீவராணி இடியப்பம் அவித்துத் தட்டில் வைத்துத் தனுஜாவிடம் கொடுத்தனுப்பினாள். தட்டு கழுவித் திரும்பி வந்தது, உள்ளே நான்கு கொய்யாப்பழம் இருந்தன. தட்டைச் சும்மா திருப்பி அனுப்பக்கூடாது என்பதற்காக வைத்ததா, கோபம் இல்லை என்று காட்ட வைத்ததா, கோபம் இருக்கிறது ஆனால் நாங்கள் உன்னைப் போல இல்லை என்று காட்ட வைத்ததா? இந்த யோசனையில் ஜீவராணி அன்று தனுஜாவுக்குச் சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்தாள்.

திங்கட்கிழமை தோட்டத் தலைவர் ஆண்டியப்பன் பிள்ளைக் காம்பரா வாசலுக்கே வந்துவிட்டார். கோயில் மண்டபத்தின் சாவியும் பதிவுக் கொப்பியும் அவரிடம்தான்.

"என்னா ஜீவராணி, ஒம் பேர எழுதவா வேணாமா? அதே ஞாயித்துக்கெழமைக்குக் கீழ்ப்பிரிவுல ஒரு காதுகுத்துக்குக் கேட்டிருக்காங்க. புதன்கெழம அந்திக்குள்ள சொல்லணும். பெறகு என்னய கொற சொல்லக் கூடாது."

புதன்கிழமை விடிந்தது. பிள்ளைகளைத் துணை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு, நகையை அடகு வைத்து வாங்கிய பணத்தைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க ஜீவராணி புறப்பட்டாள். காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்பில் வீரம்மா நின்றாள்.

"ஒங்க அண்ணன் ஒன்னயக் கூப்புடுறாரு."

காம்பராவில் தைல வாசம் அடித்தது. சின்னராசா சுருட்டிய கம்பளியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் எலும்பும் கண்ணும் மட்டும் மிஞ்சியிருந்தன.

"டவுனுக்கா போற?"

"ஆமாண்ணே."

"எனக்காகத்தானே?"

ஜீவராணிக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

"ஏன் இப்பவே அழுவுற? அதுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார் சின்னராசா. பேசிவிட்டு மூச்சு வாங்கினார். "பதினெட்டு மாசமா எத்தனையோ டாக்டருமாரு பாத்துட்டாங்க. சிங்களத்துல சொன்னாங்க, தமிழ்ல சொன்னாங்க, இங்கிலீசுல எழுதித் தந்தாங்க. ஒருத்தரும் மாசத்தச் சொல்லல. நீதான் சொன்ன."

"அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே. நான் பாவி."

"ரெண்டு நாளா ஒன்னய நல்லாத்தான் திட்டுனேன். வேணும்னா இவகிட்ட கேளு. அப்பறம் யோசிச்சேன். நீ பயப்புடுறதும் நாயந்தான். சர்மிளா புள்ளையோட மணவறைய அவுத்தப்ப நானும் நின்னு பாத்தவன்தானே." இருமல் வந்தது. அது அடங்கும் வரை வீரம்மா அவர் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அதனால நாங்க பேசி ஒரு முடிவு எடுத்திருக்கோம். நீ இங்கயே வையி. நடையைச் சாத்தணும்னா தலைவருக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தானே சாத்துவாரு."

ஜீவராணிக்கு விளங்கவில்லை. வீரம்மாதான் விளக்கினாள். தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"அப்புடி ஏதும் ஆச்சுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன் ஜீவா. கதவச் சாத்திக்கிட்டு அவரு பக்கத்துல உக்காந்துக்குவேன். யாரும் வந்து கேட்டா தூங்குறாருன்னு சொல்லிருவேன். தாலி கட்டுற மேளம் இங்க வரைக்கும் கேக்கும். அது அடிச்சு முடிஞ்சப்பறம் தொறக்குறேன்."

"எனக்கும் மேளம் கேக்கணும்னு ஆசதான்" என்றார் சின்னராசா. "நம்ம புள்ள கல்யாணம். டவுன்ல வச்சா எனக்கு என்னா கேக்கும்?"

கீழே பாதை வளைவில் பஸ்ஸின் ஹார்ன் சத்தம் கேட்டது. ஜீவராணி எழுந்து இஸ்தோப்புக்கு வந்தாள். பஸ் அங்கே பத்து நிமிடம் நிற்கும், வேகமாக இறங்கினால் பிடித்துவிடலாம். கால் நகரவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் ஒரு காட்சி நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் தனுஜாவுக்குக் கூறைச்சேலை கட்டுகிறார்கள். அந்தப் பக்கம் வீரம்மா, செத்த புருஷனுக்குப் பக்கத்தில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மேளச் சத்தத்துக்குக் காத்திருக்கிறாள். முப்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவள் அழுவதற்கு ஜீவராணி வீட்டுக் கல்யாணம் முடிய வேண்டும். இதைத்தான் தான் கேட்காமல் கேட்டிருக்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது. இத்தனை நாள் பயந்ததையெல்லாம் விட இது பயங்கரமாக இருந்தது.

பஸ் போய்விட்டது. அவள் திரும்ப உள்ளே வந்தாள்.

"அண்ணி, கல்யாணத்தக் கோயில் மண்டபத்துலயே வைக்கிறேன். ஆனா நீங்க சொன்ன மாதிரி செய்யக் கூடாது. ஏதும் ஆச்சுன்னா நீங்க வாய் விட்டு அழணும். அடுத்த நிமிசம் நான் போயி மேளத்த நிப்பாட்டுறேன்."

"பைத்தியமா ஒனக்கு? தனுஜா என்னா ஆவுறது?" என்றாள் வீரம்மா.

"அவளுக்கு நான் சொல்லிக்கிறேன்."

சின்னராசா அவளையே பார்த்தார். "நீ? நிப்பாட்டுவியா?"

"நிப்பாட்டுவேன்" என்றாள் ஜீவராணி. சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. பயம் துளிகூடக் குறையவில்லை. முன்பு பாதிப் பயம் என்றால் இப்போது முழுப் பயம். ஆனால் அவள் நேராக ஆண்டியப்பன் வீட்டுக்குப் போய், கொப்பியில் மகள் பெயரை எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு பைஸர் முதலாளிக்குப் போன் செய்து வேண்டாம் என்றாள்.

"வேற ஹோல் கெடைச்சிச்சா தங்கச்சி?"

"எங்க தோட்டத்துலயே வைக்கிறோம் மொதலாளி."

"அதுதான் நல்லது. எங்கட படி மிச்சம் கஷ்டம்" என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அந்தியில் தனுஜாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தனுஜா கொப்பிகளைத் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியும்மா. நீ பேசுனது பீலியடி வரைக்கும் கேட்டுச்சு. நான் அப்ப அங்கதான் தண்ணி புடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன்."

அதற்குப் பிறகு நாட்கள் நகர்ந்த விதத்தைச் சொல்லி முடியாது. ஆவணி பிறந்தது. வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். நூற்றறுபது வீட்டிலும் "கட்டாயம் வரோம்" என்றார்கள். வழியனுப்ப வெளியே வந்ததும் ஒவ்வொருவரும் சின்னராசாவின் காம்பராப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்கள். கடைசி வாரத்தில் சின்னராசா சோறு சாப்பிடுவதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை மூச்சு இழுத்தது. ஜீவராணி கஞ்சி வைத்துக்கொண்டு போய் ஊட்டினாள். ஊட்டும்போது கல்யாணத்தை நினைத்து ஊட்டுகிறோமா மனுசனை நினைத்து ஊட்டுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை மணவறை கட்டினார்கள்.

ஞாயிறு நன்றாக விடிந்துவிட்டது. அவள் எழுந்து குளித்து, கோலம் போட்டு, தலைவாரும் பெண்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அப்போதுதான் உறைத்தது. எழுந்ததிலிருந்து பக்கத்துக் காம்பராவில் இருமல் கேட்கவில்லை.

கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். பக்கத்துக் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். கதவை ஒரு சாண் திறந்து வீரம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கண் காய்ந்திருந்தது.

"தூங்குறாரு. நீ போயி பொண்ணப் பாரு."

அந்த வார்த்தை. தூங்குறாரு என்று சொல்லிவிடுவேன் என்று அன்று சொன்னாளே, அதே வார்த்தை. கோயில் பக்கம் நாதஸ்வரக்காரர் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு வான் கீழே வளைவில் ஏறும் சத்தம் கேட்டது. இன்னும் மூன்று மணி நேரம். திரும்பி நடந்தால் போதும். கதவு சாத்தியிருக்கும், தாலி ஏறிவிடும், தனுஜாவின் வாழ்க்கை நேராகிவிடும். அவள்மேல் ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஜீவராணி ஓர் அடி திரும்பினாள். அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, திரும்பத்தான் செய்தாள்.

பிறகு வீரம்மாவின் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னராசா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, வெள்ளைச் சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். இரண்டு கையாலும் ஒரு துவாயை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முகம் கறுத்துச் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவளைக் கண்டதும் துவாயைக் கொஞ்சம் எடுத்தார்.

"நீ ஏன் வந்த? நல்ல நாளும் அதுவுமா பொண்ணு வீட்டுக்கு இருமச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு விடியக்காலைல இருந்து அடக்கிக்கிட்டு இருக்கேன்."

ஜீவராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுச்சேலை மடிந்ததும் தெரியவில்லை, அழுவதா சிரிப்பதா என்றும் தெரியவில்லை.

"இருமுங்கண்ணே" என்றாள். "நல்லா சத்தமா இருமுங்க."

அவர் துவாயை எடுத்துவிட்டு இருமினார். தகரம் அதிர, லயத்தின் அந்தக் கோடி வரை கேட்கும்படி, நெடுநேரம் இருமினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தனுஜா சத்தம் போட்டாள்.

"அம்மா, மாமாவுக்குச் சுடுதண்ணி குடுத்துட்டு வா. இங்க அவசரம் ஒன்னும் இல்ல."